உரையாடலுக்கு உடைமையாளர் யார்?

"பிட்ஜினா? அது செத்துப்போன சரக்கு அல்லவா? கைத்தொலைபேசிக்குள் உலகமே அடங்கிவிட்ட காலத்தில், மேசைக் கணினியில் ஓடிய பழையதொரு செய்திச் செயலியைப் பற்றிப் பேசுவானேன்?" என்று நம்மைக் கேட்போர் உளர். அவர்களிற் சிலர் தம்மை முற்போக்காளர் என்று சொல்லிக்கொள்பவர். தோற்றதாகத் தோன்றும் எதனையும் குப்பையென ஒதுக்குவது வணிகரின் வழக்கம். அது ஏன் தோற்றது, யாரால் தோற்கடிக்கப்பட்டது என்று விசாரிப்பது நமது வழக்கம். அவ்வாறு விசாரிக்கப் புகும்போது, பிட்ஜின் என்னும் சிறு மென்பொருளின் கால் நூற்றாண்டுக் கதை, இன்று ஒவ்வோர் ஆசிரியரின் சட்டைப்பையிலும் ஒவ்வொரு மாணவரின் கையிலும் கிடக்கும் பெருஞ்சிக்கலொன்றின் வரலாறாகவே ஆகிவிடுகிறது.

பொருள் இன்னதென்று அறியாதார்க்கு முதலில் அதனைக் கூறிவிடுவோம். இணையத்தில் உடனுக்குடன் எழுதி உரையாடும் வசதி 1990களின் பிற்பகுதியிற் பரவத் தொடங்கியது. 1996இல் மிராபிலிஸ் என்னும் இஸ்ரேலியக் கம்பனி ஐ.சி.கியூ. என்ற சேவையை வெளியிட்டது. 1997இல் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். கம்பனி 'எய்ம்' என்ற சேவையைத் திறந்தது. 1998இல் யாஹூவும் 1999இல் மைக்ரோசொப்டும் தத்தம் கடைகளை விரித்தன. நான்கு கடைகளுக்கும் நான்கு வேலிகள். ஒரு கடையிற் கணக்கு வைத்திருப்பவர் அடுத்த கடையில் இருப்பவரோடு ஒரு சொல்லும் பேச இயலாது. தமையன் யாஹூவிலும் தங்கை எய்மிலும் இருந்தால் இருவருக்குமிடையே மௌனந்தான்.

அலபாமா மாநிலத்தின் ஓபேர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த மார்க் ஸ்பென்சர் என்பவர், தம் லினக்ஸ் கணினியிலிருந்து எய்ம் சேவைக்குள் நுழைவதற்கென 1998இல் ஒரு செயலியை எழுதினார். 'கெயிம்' என்பது அதன் பெயர். அதனை அவர் விற்கவில்லை. எவரும் இயக்கலாம், எவரும் மூலநிரலைத் திறந்து படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்று உறுதிசெய்யும் க்னூ பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டார். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அம்மொழியினர் இங்கே எந்நாளும் தடுமாறுவர். இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்று தமிழ் தெளிவாகவே பிரித்துவைத்திருக்கிறது. கெயிம் இலவசமாயிருந்தது என்பது சிறு செய்தி. அது கட்டற்றதாயிருந்தது என்பதே நாம் பேசவந்த செய்தி. கட்டற்றதாயிருந்தமையால் அறிமுகமில்லாத பலர் வந்து கை கொடுத்தனர். ஒருவர் ஐ.சி.கியூ.வைச் சேர்த்தார், வேறொருவர் யாஹூவைச் சேர்த்தார், பின்னர் எம்.எஸ்.என்.னும் ஐ.ஆர்.சி.யும் ஜபரும் வந்தன. நாளடைவில் அத்தனை வலைகளிலுமுள்ள நண்பர்களும் ஒரே சாளரத்தில், ஒரே பட்டியலிற் கூடினர். கம்பனிகள் நட்ட வேலிகளைக் கூலியின்றி உழைத்த சிலர், தம் இரவு நேரங்களில், பிடுங்கிப் போட்டனர்.

இதிலென்ன புதுமை என்று வினவலாம். உண்மையிற் புதுமை ஏதுமில்லை. பழமையான ஓர் உரிமையே இது. 1874இல் பேர்ண் நகரிற் கூடிய நாடுகள் பொது அஞ்சல் ஒன்றியத்தை அமைத்தன. அன்றுதொட்டு ஒரு நாட்டின் முத்திரை ஒட்டிய கடிதத்தை மற்ற நாட்டின் தபாற்காரன் வீட்டுவாசலில் கொண்டுவந்து தருகிறான். யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டனுக்கு எழுதுகின்றவர் பிரித்தானிய அஞ்சற் சேவையில் உறுப்பினராக வேண்டியதில்லை. தொலைபேசியிலும் அவ்வாறே. மின்னஞ்சலும் 1982இல் வகுக்கப்பட்ட பொது நெறிமுறையினாலே கம்பனிக்குக் கம்பனி தங்குதடையின்றிப் போய்வருகிறது. நெறிமுறை என்பது வேறொன்றுமில்லை: இரு கணினிகள் ஒன்றன் பேச்சை மற்றது விளங்கிக்கொள்வதற்கான பொது இலக்கணம். அஞ்சலுக்கும் தொலைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் பொருந்திய நீதி உடனடிச் செய்திக்கு மாத்திரம் ஏன் பொருந்தாமற் போயிற்று?

பொருந்தவிடாமற் செய்தார்கள் என்பதே விடை. 1999 ஜூலையில் மைக்ரோசொப்ட் தன் செய்திச் செயலியை, எய்ம் வலையிலுள்ளாரோடும் பேசத்தக்கதாக வெளியிட்டது. ஏ.ஓ.எல். உடனே தடுத்தது. மைக்ரோசொப்ட் தன் செயலியைத் திருத்தியது, மீண்டும் தடை, மீண்டும் திருத்தம். கடைசியில் ஏ.ஓ.எல். செய்த காரியம் கவனிக்கத்தக்கது. தன் சொந்தச் செயலியிலேயே இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையைத் தானே பயன்படுத்தி, எதிர்முனையில் ஓடுவது தன் செயலிதானா, அன்றி மாற்றானுடையதா என்று சோதித்தது. வாடிக்கையாளரின் வீட்டுச் சுவரிலுள்ள ஓட்டையை அடைக்க வேண்டியவன் அதன் வழியே உள்ளே எட்டிப்பார்த்து, 'இங்கு நடப்பது என் கடைச் சரக்கா?' என்று கேட்ட கதை இது. அவ்வாண்டு முடிவதற்குள் மைக்ரோசொப்ட் முயற்சியைக் கைவிட்டது. அன்று திறந்த நியமங்கள் வேண்டுமென்று உரத்து முழங்கிய அதே மைக்ரோசொப்ட், தன் வலை பெருத்ததும், 2003இல் பிறரின் செயலிகள் எம்.எஸ்.என். சேவைக்குள் நுழையாதவாறு கதவைச் சாத்திற்று. கொள்கை மாறிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். நின்ற இடந்தான் மாறியது.

அரசு என்ன செய்தது? 2001 ஜனவரியில் ஏ.ஓ.எல்.லும் டைம் வோர்ணரும் இணைவதற்கு அனுமதி வழங்கிய அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, காணொளி முதலிய உயர்தர உடனடிச் செய்திச் சேவைகளைத் தொடங்குவதாயின் பிற வலைகளுக்கும் வழி திறக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை விதித்தது. சாதாரண எழுத்துச் செய்தியை அந்நிபந்தனை தொடவேயில்லை. தொட்ட அளவும் நீடிக்கவில்லை. 2003 ஆகஸ்டில் அதுவும் நீக்கப்பட்டது.

வேலியைப் பிடுங்கியவர்களுக்குப் பரிசாகக் கிடைத்தது சட்டத்தரணிகளின் கடிதம். 'எய்ம்' என்ற சொல் தன் வணிகக் குறி என்றும், 'கெயிம்' என்ற பெயர் அதனை மீறுகிறது என்றும் ஏ.ஓ.எல். பல ஆண்டுகள் நெருக்கியது. அந்தப் பேச்சுவார்த்தை முடியும்வரை இரண்டாம் பதிப்பை முழுமையாக வெளியிட இயலாமல் அவர்கள் காத்துக் கிடந்தனர். ஊதியமற்ற தொண்டர் கூட்டமொன்று, கம்பனியின் சட்டப் பிரிவோடு மல்லுக்கு நிற்பதற்கென்றே ஓர் இலாபநோக்கற்ற அமைப்பினைப் பதிவுசெய்ய வேண்டியதாயிற்று. 2007 ஏப்ரலில் உடன்பாடு வந்தது. கெயிம் 'பிட்ஜின்' ஆயிற்று. அதன் உள்ளே இயங்கும் நிரல் நூலகம் 'லிப்பர்ப்பிள்' ஆயிற்று. மே மாதம் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. பெயருக்காக இத்தனை ஆர்ப்பரித்த ஏ.ஓ.எல்.லின் எய்ம் சேவை 2017 டிசம்பர் 15ஆம் நாள் மூடப்பட்டது. அச்சேவையின் வணிகக் குறியை 'மீறிய' மென்பொருள் அதற்குப் பின்னும் உயிரோடிருக்கிறது!

புதிய பெயரைப் பற்றி ஒரு சொல். மொழியியலார் பிட்ஜின் என்பது, பொதுமொழி இல்லாத மக்கள் தமக்குள் பேசிக்கொள்ளச் சமைத்துக்கொண்ட கலப்பு மொழியை. பல மொழிகளைப் பேசும் வலைகளுக்கிடையே நிற்கும் செயலிக்கு ஏற்ற பெயர் என்று அதனைத் தேர்ந்தனர். நாமோ அதில் வேறொன்றையும் காண்கிறோம். இத்தகைய மொழிகள் கல்விமான்களின் அறைகளிற் பிறந்தவையல்ல. பெரும்பாலும் துறைமுகங்களிலும் தோட்டங்களிலும் பிறந்தவை. பசிபிக் தீவுகளிலிருந்து குவீன்ஸ்லாந்துக்கும் சமோவாவுக்கும் தோட்ட வேலைக்கெனக் கொண்டுசெல்லப்பட்ட பல மொழித் தொழிலாளர், துரையின் சொற்களை எடுத்துத் தம் இலக்கணத்தில் இட்டுப் பேசியதிலிருந்து வளர்ந்ததே இன்று பப்புவா நியூகினியில் வழங்கும் டொக் பிசின். நம் மலையகத்தில் நடந்தது வேறு. அங்கே துரைமார்தாம் தொழிலாளரை ஏவுவதற்கென்று கைந்நூல் வைத்துக்கொண்டு ஒருவகைத் தமிழைக் கற்றனர். கட்டளையிடுவதற்குக் கற்ற மொழி அது. கூடிப் பேசுவதற்குச் சமைத்த மொழி இது. மேலிருப்போர் தரும் மொழியைக் கீழிருப்போர் தம் தேவைக்கு வளைத்துக்கொள்வது இழிவன்று. பிட்ஜின் மென்பொருளை எழுதியோர் செய்ததும் அதுதான். கம்பனிகள் மறைத்துவைத்த நெறிமுறைகளை, போகும் செய்தியையும் வரும் செய்தியையும் பார்த்துப் பார்த்தே விளங்கிக்கொண்டு, அவற்றை எல்லார்க்கும் பொதுவாக்கினர்.

இனி, இக்கதையின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். முதற் பகுதியில் எதிரி முகத்தைக் காட்டி நின்றான். இரண்டாம் பகுதியில் நண்பனாக வந்தான்.

1999இல் ஜெரமி மில்லர் என்பவர் 'ஜபர்' என்ற திறந்த உரையாடல் நெறிமுறையைத் தொடக்கினார். 2004இல் இணையப் பொறியியற் செயலணி அதனை எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் நியமமாக வெளியிட்டது. மின்னஞ்சலைப் போலவே, எவரும் தம் சொந்தச் சேவையகத்தை நிறுவி உலகின் பிற சேவையகங்களோடு பேசலாம். நடுவே முதலாளி ஒருவன் வேண்டியதில்லை. 2005 ஆகஸ்டில் கூகுள் தன் 'டோக்' சேவையை இந்நெறிமுறையின் மீதே கட்டியது. 2006இல் பிற சேவையகங்களுக்கும் வாயிலைத் திறந்தது. கட்டற்ற மென்பொருள் அன்பர்கள் கொண்டாடினர். பிட்ஜினின் முதன்மை நிரலாளராயிருந்த சோன் ஈகனே கூகுளின் டோக் பிரிவிற் பணிபுரியச் சென்றார். 2010இல் பேஸ்புக்கும் தன் அரட்டைச் சேவைக்கு எக்ஸ்.எம்.பி.பி. வழியே இணைப்புத் தந்தது. பிட்ஜினைத் திறந்தால் கூகுள் நண்பரும் பேஸ்புக் நண்பரும் அருகருகே நின்றனர். வெற்றி கிட்டிவிட்டது என்றே பலரும் எண்ணினர்.

2013 மே மாதம் கூகுள் 'ஹாங்கவுட்ஸ்' என்ற புதிய சேவையை அறிவித்தது. பிற சேவையகங்களோடு பேசும் வாயில் அதில் இல்லை. 2015இல் பேஸ்புக் தன் எக்ஸ்.எம்.பி.பி. வாயிலை அடைத்தது. பழைய டோக் சேவைக்கு எஞ்சியிருந்த சிறு சன்னலும் 2022 ஜூன் 16ஆம் நாள் மூடப்பட்டது. அந்த அறிவித்தலில் பிட்ஜினின் பெயரையே குறிப்பிட்டு, இனி அதன் வழியே நுழைய இயலாது என்று கூகுள் எழுதியது. சந்தைக்குள் நுழையும்போது திறந்த நியமம் வேண்டும்; ஏனெனில் அதனை நம்பியே மக்கள் வருவர். சந்தை கைக்கு வந்தபின் அதே நியமம் வேண்டாம்; ஏனெனில் அதன் வழியே மக்கள் வெளியேறிவிடுவர். இதனை ஒரு கம்பனியின் தனிக் குணக்கேடாகக் கருதுவோர் ஏகபோகத்தின் இயல்பை அறியாதவர். ஏ.ஓ.எல். செய்தது, மைக்ரோசொப்ட் செய்தது, கூகுள் செய்தது, பேஸ்புக் செய்தது. நால்வரும் வெவ்வேறு மனிதர். ஒரே இலாபக் கணக்கு.

தொழில்நுட்பக் காரணங்களால் மூடினோம் என்று இவர்கள் கூறியதை நம்பிய பேதையரும் உளர். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். 2006இல் யாஹூவும் மைக்ரோசொப்டும் தமக்குள் உடன்பாடு செய்து, இரு வலையினரும் ஒருவரோடொருவர் பேச வழி செய்தன. பெரியவனை எதிர்க்க இரு சிறியவர் கூட வேண்டியிருந்தபோது தொழில்நுட்பம் குறுக்கே நிற்கவில்லை!

அவர்கள் வேலிக்குள் காத்த செல்வந்தான் யாது? மென்பொருள் அன்று, அதனை ஒரு மாணவர் விடுதி அறையிலிருந்தே எழுதிவிட முடிந்தது. செல்வம் என்பது நீங்களும் நாமும். யார் யாரோடு பேசுகிறார், யார் யாருக்கு நண்பர் என்ற அந்தப் பட்டியல். ஐ.சி.கியூ.வை ஏ.ஓ.எல். 1998இல் 28.7 கோடி டொலர் கொடுத்து வாங்கியது. 2010இல் ரஷ்யக் கம்பனியொன்றுக்கு 18.75 கோடிக்கு விற்றது. 2024 ஜூன் 26ஆம் நாள் அது இழுத்து மூடப்பட்டது. தோட்டம் கைமாறும்போது லயத்திலிருந்த தொழிலாளரும் சேர்ந்தே கைமாறிய கதையை அறிந்த நாட்டவர்க்கு இதில் விளக்கம் வேண்டியதில்லை. 2014 பெப்ரவரியில் பேஸ்புக் வட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்த விலை 1,900 கோடி டொலர். அன்று அக்கம்பனியில் வேலை செய்தோர் ஐம்பத்தைந்து பேரளவே. மாதந்தோறும் பயன்படுத்தியோர் 45 கோடி. தலைக்கு 42 டொலர் ஆகிறது. ஐம்பத்தைந்து பேரின் உழைப்புக்கா 1,900 கோடி? நம் தலைகளுக்குப் போட்ட விலை அது. வட்ஸ்அப்பின் உள்நெறிமுறையோ, பொதுச்சொத்தான எக்ஸ்.எம்.பி.பி.யைத் தழுவி மாற்றியமைத்தது. பொதுநிலத்து மரத்தை வெட்டித் தன் வளவுக்கு வேலி கட்டிக்கொண்ட கம்பனி, வெளியிலிருந்த நிரலாளர் அவ்வேலியில் ஒரு கடப்பு வைக்க முயன்றபோது, அதே 2014இல் பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி அவர்களின் நிரல்களைக் கிட்ஹப் தளத்திலிருந்து நீக்கச் செய்தது.

இங்கே நம் எதிராளிகள் மூன்று வாதங்களோடு வருவர். மக்கள் தாமாக விரும்பியன்றோ வட்ஸ்அப்பைத் தெரிந்தனர் என்பர் முதலில். ஊரில் ஒரே கடை இருக்க, அக்கடையில் வாங்குவோர் அதனை விரும்பித் தெரிந்தனர் என்று எவரும் சொல்வதில்லை. பிள்ளையின் வகுப்புக் குழு அங்கே, சங்கக் குழு அங்கே, வெளிநாட்டு உறவினர் அங்கே. 2021 ஜனவரியில் அக்கம்பனி, புதிய தரவு நிபந்தனைகளை ஏற்காவிடின் சேவை இல்லை என்று அறிவித்தபோது உலகெங்கும் கூச்சல் எழுந்தது. காலக்கெடு சில மாதங்கள் தள்ளிப்போயிற்று, நிபந்தனை போகவில்லை. வெளியேறினால் தனிமை, தங்கினால் அடிபணிதல் என்ற நிலையை விருப்பத் தெரிவு என்பது பொருளியற் பாடநூல்களில் வேண்டுமானால் செல்லும்.

இரண்டாவது வாதம் பாதுகாப்பைப் பற்றியது. திறந்த வலையில் இரகசியம் தங்காதென்றும், மூடிய கோட்டைக்குள்ளேதான் செய்தி பத்திரமென்றும் கூறுவர். வரலாறு இதற்கு நேர்மாறு. 2004இல் நிகிட்டா போரிசோவ், இயன் கோல்ட்பேர்க், எரிக் புரூவர் ஆகிய மூவர், பேசுகின்ற இருவரைத் தவிர வேறெவரும், சேவையகத்தை நடத்துபவருங்கூட, படிக்கவியலாத ஒரு மறையாக்க முறையை வகுத்தனர். ஓ.டி.ஆர். என்று அதற்குப் பெயர். அது முதலிற் கைக்கு வந்த வடிவங்களில் ஒன்று கெயிமுக்கு எழுதப்பட்ட செருகுநிரல். அமெரிக்க உளவு நிறுவனத்தின் உள்ளிருந்து கசிந்து 2014இறுதியில் ஜெர்மானிய இதழொன்றில் வெளிவந்த ஆவணங்களில், ஓ.டி.ஆர். இட்ட செய்தியைப் பிரித்தறிய வழியில்லை என்ற குறிப்பைக் கண்டோம். இம்முறையின் கருத்துகளே சிக்னல் நெறிமுறைக்கு வித்தாயின. அந்நெறிமுறையைத்தான் 2016 ஏப்ரலில் வட்ஸ்அப் முழுமையாகப் பூட்டிக்கொண்டது. இன்று அவர்கள் பெருமையாகக் காட்டும் பூட்டின் மூலத்தச்சு திறந்த பட்டறையிற் செய்யப்பட்டது. அப்பூட்டும் செய்தியின் உள்ளடக்கத்தை மறைக்குமேயன்றி, யார் யாரோடு எப்போது பேசினார் என்பதைக் கம்பனியின் கண்ணிலிருந்து மறைப்பதில்லை.

பிட்ஜின் கடவுச்சொற்களை மறையாக்காமற் கோப்பில் எழுதிவைக்கிறதே என்று ஏளனம் செய்வோர் இருந்தனர். அதற்கு அதன் ஆக்குநர் கூறிய மறுமொழி நேர்மையானது: செயலி தானே திறந்துகொள்ள வேண்டுமாயின் திறவுகோலையும் அதே பெட்டிக்குள் வைக்க வேண்டும், அப்படிப் பூட்டுவது பாதுகாப்பன்று, பாதுகாப்பு என்ற பாவனை. பாவனையை விற்பதற்குப் பழகிய உலகத்தில் இந்த மறுமொழி பலருக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது வாதந்தான் கனமானது. கட்டற்ற மென்பொருளாளர் தாமே தம்மைக் கெடுத்துக்கொண்டனர் என்பது அது. இதில் உண்மையுண்டு, அதனை மூடிமறைப்பது நம் வேலையன்று. 2008இல் பிட்ஜினின் 2.4 பதிப்பில், எழுதும் பெட்டியின் அளவைப் பயனாளர் தாமே இழுத்து மாற்றும் வசதியை ஆக்குநர் நீக்கினர். பெட்டி தானாகவே விரியும், அதுவே சிறந்தது என்றனர். பயனாளர் எதிர்த்தனர், ஆக்குநர் அசையவில்லை. ஒரு பெட்டியின் உயரத்துக்கா இத்தனை சண்டை என்று சிரிக்கலாம். ஆனால் பயனாளரின் குரலுக்குச் செவிசாய்க்காத ஆணவம் கம்பனிக்கு மாத்திரம் உரியதன்று என்பதை அந்தப் பெட்டி காட்டிற்று. வேறுபாடு எங்கே வந்ததெனில், எதிர்த்தவர்கள் மூலநிரலை எடுத்துக்கொண்டு வெளியே போய், 'பன்பிட்ஜின்' என்ற பெயரிலும் பின்னர் 'கரியர்' என்ற பெயரிலும் தம் விருப்பப்படி ஒரு செயலியை வெளியிட்டனர். எவரும் தடுக்கவில்லை, தடுக்க உரிமம் இடந்தரவுமில்லை. வட்ஸ்அப்பின் ஒரு பொத்தான் பிடிக்கவில்லையெனில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

2024இல் நடந்ததோ சிரிப்புக்குரியதன்று. பிட்ஜினுக்குப் பிறர் எழுதிய செருகுநிரல்களின் பட்டியலில் ஜூலை மாதம் திரையைப் பகிர்வதற்கென ஒன்று சேர்ந்தது. அது பயனாளர் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் இரகசியமாகக் களவாடியது. ஆகஸ்ட் 16இல் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆக்குநர் நடந்ததைப் பகிரங்கமாக எழுதினர். 'பார்த்தீர்களா, திறந்த வீட்டில் திருடன் புகுந்தான்' என்றனர் சிலர். அந்தச் செருகுநிரலுக்கு மூலநிரல் வழங்கப்படவேயில்லை என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டனர். மூடிய பொதியாக வந்ததே நஞ்சு. அதன்பின், திறந்த உரிமமும் மூலநிரலும் இல்லாத எதனையும் பட்டியலிற் சேர்ப்பதில்லை என்று விதி செய்தனர். தவறு எதுவென்றால், அவ்விதி முன்னமே இல்லாதிருந்தது.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அதைப் பற்றி ஏளனக்காரர் வாய் திறப்பதில்லை. இலட்சக்கணக்கானோர் பயன்படுத்தும் பொதுக்கருவியைச் சிலர் தம் ஓய்வுநேர உழைப்பால் தாங்கி நிற்பது. மூன்றாம் பதிப்பு ஆண்டுக்கணக்காக இழுபட்டதற்குச் சோம்பல் காரணமன்று, ஆள் போதாமையே காரணம். மக் கணினிகளில் ஓடிய 'அடியம்' உட்படப் பிற செயலிகளும் லிப்பர்ப்பிள் என்னும் அந்நூலகத்தின் மீதே நின்றன. பாலத்தை எல்லாரும் கடந்தனர். மரம் கொணர்ந்தோர் சிலரே. கைத்தொலைபேசி வந்தபோது அதற்குரிய செயலியாகப் பிட்ஜின் மாறவில்லை என்பதும் இந்த ஆள் பற்றாக்குறையோடு சேர்ந்த செய்தி.

இனி, நம்மவரோடு சற்றுக் கணக்குப் பார்ப்போம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நாடெங்கும் ஆசிரியர்கள் பாடக்குறிப்புகளை வட்ஸ்அப் குழுக்கள் வழியே அனுப்பினர். தம் சொந்தத் தொலைபேசியில், தம் சொந்தச் செலவிலே அனுப்பினர். 2021 ஜூலையில் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகிப் போராடியபோது, அந்தப் போராட்டச் செய்திகளும் பெருமளவு அதே கம்பனியின் குழாய் வழியேதான் ஓடின. கற்பிப்பதும் அவன் வளவில், கற்பிக்க மறுத்துக் கூடுவதும் அவன் வளவில்! 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள்மீது வன்முறை ஏவப்பட்டபோது அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் நாளும் மறுபடி முடக்கியது. வெறுப்பும் அவ்வழியே பரவியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், ஒரு நாட்டினர் முழுவதும் மூன்று நான்கு கம்பனிகளின் வாயிலில் நின்று பேசினால், ஒரே கட்டளையில் அத்தனை வாய்களையும் அடைத்துவிடலாம் என்பதை ஆட்சியாளர் மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டனர்.

"மென்பொருள் என்பது பொறியியலாளரின் பொழுதுபோக்கு, நமக்கு வர்க்கப் போராட்டம் இருக்கிறது" என்று கூறும் தோழர்களை நோக்கியே இதனை எழுதுகிறோம். அச்சுக்கூடம் யாருடையது என்ற கேள்வியை முன்னோர் பொழுதுபோக்கென்று கருதவில்லை. சந்தாவுக்கும் காகிதத்துக்கும் வீடுவீடாக ஏறியிறங்கித் தமக்கென்று அச்சியந்திரம் வாங்கினர். இன்று ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், அதன் விவாதங்கள், அதன் முடிவுகள் யாவும் கலிபோர்னியாவிலுள்ள ஒரு கம்பனியின் கட்டிடத்தில் கிடக்க, முதலாளித்துவத்தை வீழ்த்துவது எவ்வாறு என்று அதே குழுவில் விவாதிக்கிறோம் என்பது நகைப்புக்கிடமானது.

மாற்று இல்லை என்று சொல்ல வேண்டாம். எக்ஸ்.எம்.பி.பி. மூடப்படவில்லை, அதனை மூட எவருக்கும் அதிகாரமில்லை என்பதே அதன் சிறப்பு. புரொசொடி, ஈஜபர்டி முதலிய கட்டற்ற சேவையக மென்பொருள்கள் உண்டு. ஒரு கல்லூரியின் கணினிக்கூடத்தில் ஒதுக்கிப் போட்டிருக்கும் பழைய கணினியிலேயே ஒரு சங்கத்துக்குப் போதுமான சேவையகத்தை நிறுவலாம். மேசைக் கணினியிலிருந்து பிட்ஜின் வழியாகவும், அண்ட்ரொய்ட் தொலைபேசியிலிருந்து 'கொன்வர்சேசன்ஸ்' போன்ற செயலி வழியாகவும் அதனுள் நுழையலாம். பிட்ஜினின் திரைச்சொற்களைத் தொண்டர் தமிழிலும் பெயர்த்து வைத்திருக்கின்றனர். கற்றுக்கொள்ளச் சில மாலைப்பொழுதுகள் வேண்டும்; பல்கலைக்கழகத்திற் கணினி பயிலும் மாணவர் இதனை ஒரு பயிற்சியாகவே செய்து முடிப்பர்.

எனினும், ஓரிரு சங்கங்கள் தனித்து வெளியேறுவதால் ஏகபோகம் இடிந்துவிடாது. வேலியைச் சட்டம் உடைக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்த எண்முறைச் சந்தைகள் சட்டம் இத்திசையில் ஓரடி வைத்திருக்கிறது. வட்ஸ்அப், மெசெஞ்சர் போன்ற பெரிய சேவைகள், கேட்கும் பிற சேவைகளுக்கு வழி திறக்க வேண்டும் என்கிறது. 2024 மார்ச் முதல் அக்கடமை அவர்கள்மீது நிற்கிறது. கால் நூற்றாண்டுக்கு முன் ஓபேர்னிலே ஒரு மாணவர் அனுமதி கேட்காமற் செய்த காரியத்தை இப்போது நீதி என்று ஐரோப்பா ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் சட்டத்தின் வாசகத்தைக் கூர்ந்து பாருங்கள். வழி கேட்கும் உரிமை மற்றொரு செய்திச் சேவையை நடத்தும் நிறுவனத்துக்கே. விண்ணப்பித்து, நிபந்தனைகளை ஏற்று, உடன்படிக்கை செய்ய வேண்டும். சொந்தமாகச் சேவை ஏதும் நடத்தாது, பயனாளரின் பக்கத்தில் நின்று அவருக்காகப் பல கதவுகளைத் தட்டும் பிட்ஜின் போன்ற கருவிக்கு அதில் இடமில்லை. முதலாளிக்கும் முதலாளிக்கும் இடையே சுங்கச்சாவடி திறந்திருக்கிறார்கள். நடந்துபோகிறவனுக்கு இன்னும் பாதை இல்லை. ஆதலால் நாம் வேண்டுவது, பெரிய சேவை ஒவ்வொன்றும் தன் நெறிமுறையை முழுமையாக வெளியிட்டு, தன் கணக்கில் எந்தச் செயலி கொண்டு நுழைவதென்று முடிவுசெய்யும் உரிமையைக் கணக்கு வைத்திருப்பவரிடமே விட்டுவிட வேண்டும் என்ற சட்டமாகும். ஐரோப்பாவில் மாத்திரமன்று, கொழும்பிலும்.